குழலுக்கு ஆயுசு எத்தனை?

அரசுப் பணியில் நான் இருந்த முப்பத்துநாலு வருஷத்தில் ஐந்து வருஷம் ஆயுத உரிமம் பார்க்கும் மேஜையில் கழிந்தது. மலையடிவாரத்து அலுவலகம் ஒன்று, பெயர் வேண்டாம். போடிமெட்டுச் சரிவிலும் குரங்கணி, கொட்டக்குடிப் பக்கத்திலும் தோட்டம் வைத்திருந்தவர்களில் பலரிடம் துப்பாக்கி இருந்த காலம் அது. ஏலத்தோட்டத்துக்குக் குரங்கு, கீழே மா, இலவம், காப்பித் தோட்டங்களுக்குப் பன்றி. உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வந்தால் கோணிச்சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு மலையிறங்கி வருவார்கள். வராந்தா முழுக்க ஈரச்சாக்கு வாசனையும் ஏலக்காய் வாசனையும் கலந்து அடிக்கும்.

நான் செய்த வேலை இதுதான். துப்பாக்கியை வாங்கி, அதில் வெட்டியிருக்கும் எண்ணையும் உரிமத்தில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். வகை சரியா என்று பார்க்க வேண்டும். எங்கள் பாஷையில் மூன்று வகை: எஸ்.பி.எம்.எல்., எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். அதாவது, ஒற்றைக்குழலில் வாய்வழியாக மருந்து கெட்டிப்பது, ஒற்றைக்குழலில் பின்வழியாகத் தோட்டா போடுவது, இரட்டைக்குழலில் பின்வழியாகத் தோட்டா போடுவது. எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் ஒரு வரி எழுதுவேன்: 'ஆயுதம் நல்ல நிலையில் உள்ளது.'

அந்த வரியை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூடக் குழலுக்குள் பார்த்ததில்லை. அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

குழலுக்குள் பார்க்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர் ஓர் ஏட்டையா. ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தவர். ஏதோ ஒரு கோப்பு விஷயமாக அவரைத் தேடிப் போயிருந்தேன். மேஜையில் .303 ரைபிள்கள் வரிசையாகக் கிடந்தன. நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்த துப்பாக்கிதான். போடிமெட்டு செக்போஸ்டில் பனியில் நடுங்கிக்கொண்டு நின்ற போலீஸ்காரர் தோளில் தொங்கியதும் அதுதான். ஏட்டையா ஒன்றன் போல்ட்டைக் கழற்றி, குழலை ஜன்னல் பக்கம் நீட்டி, "கண்ணை வச்சுப் பாருங்க தம்பி" என்றார்.

பார்த்தேன். உள்ளே வெளிச்சம் சுழன்று சுழன்று போனது. வெள்ளி வளையத்தை நீளமாக இழுத்துத் திருகிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்ததை நீட்டினார். அதில் வெளிச்சம் மங்கல். சுழல் வரிகள் ஓரம் மழுங்கி, நடுவே கரும்புள்ளிகள்.

"ரெண்டும் ஒரே வருசத்துல வந்ததுதான். வெளிய பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ள பாத்தாத்தான் தெரியும் எவன் குடிகாரன்னு" என்றார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் பள்ளிப்படிப்பு படித்தவன். 1968ல் அப்பா காலமான பிறகுதான் அம்மாவின் ஊரான போடிக்கு வந்தோம். ஏட்டையா சொன்னதைக் கேட்டதும் பழைய சொல் ஒன்று ஞாபகம் வந்தது. துப்பாக்கிக் குழலின் உள்துளையைப் பிரெஞ்சில் 'ஆம்' என்பார்கள். அதே சொல்லுக்கு ஆன்மா என்றும் பொருள். உள்ளே வரி இல்லாத குழல் என்றால் ஆன்மா வழவழப்பானது. வரி வெட்டிய குழல் என்றால் ஆன்மா வரி போட்டது. சின்ன வயதில் இது வேடிக்கையாக இருந்தது. அன்றைக்கு ஜன்னலோரம் அப்படித் தோன்றவில்லை.

அந்த வரிகள் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பம்பரம் சுற்றினால் நிற்கும், சுற்றாவிட்டால் சாயும். குண்டும் அப்படித்தான். குழலுக்குள் திருகாணி மரை போலச் சுற்றிப் போகும் வரிப்பள்ளங்கள் குண்டைப் பிடித்துச் சுழற்றி அனுப்புகின்றன. .303 ரைபிளில் ஐந்து வரிகள். பத்து அங்குலம் போவதற்குள் இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்று. ஒவ்வொரு வரியின் ஆழமும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்குதான். ரைபிள் என்ற பெயரே இந்த வரியால் வந்தது. வரி தேய்ந்துவிட்டால் குண்டு சரியாகச் சுழலாது. தள்ளாடிப் போய் எங்கோ விழும். குழலின் ஆயுசு என்று படைக்காரர்கள் சொல்வது இந்த வரியின் ஆயுசைத்தான். குழல் உடைகிற வரைக்கும் அல்ல.

சரி, அது எத்தனை? வருஷத்தில் சொல்ல முடியாது. எத்தனை ரவுண்டு சுட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் எந்த மருந்து என்பதைப் பொறுத்து எண் மாறும். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் என் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு, நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு.

1884 வரை உலகத்துப் படைகள் எல்லாம் கரிமருந்தைத்தான் சுட்டன. வெடியுப்பு, கந்தகம், கரி. நம் ஊர் வாணவேடிக்கை மருந்துதான். அந்த வருஷம் போல் வியெய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லாத மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். பஞ்சை அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது. அதை வைத்து 1886ல் பிரெஞ்சுப் படை லெபெல் என்ற ரைபிளைக் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கிய கிழட்டு சொல்தாக்கள் வாயில் புரண்ட பெயர் அது.

ஆங்கிலேயர்கள் சும்மா இருப்பார்களா? 1888ல் லீ-மெட்ஃபோர்டு ரைபிளைக் கொண்டுவந்தார்கள். இதில் வரிகளை வடிவமைத்தவர் மெட்ஃபோர்டு என்ற என்ஜினீயர். கரிமருந்து சுட்டால் குழலெல்லாம் கசடு அப்பிக்கொள்ளும். ஆகவே அவர் ஆழம் குறைந்த, மூலை மழுங்கிய ஏழு வரிகளைப் போட்டார். கசடு தங்காது, துடைப்பது சுலபம். கரிமருந்துக்கு அருமையான குழல்.

ஆனால் 1889ல் ஏபல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கார்டைட் என்ற புகையில்லா மருந்தை உருவாக்கினார்கள். இடியாப்ப உரலில் பிழிகிற மாதிரி மாவைப் பிழிந்து எடுப்பதால், கயிறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அந்தப் பெயர். ஏட்டையா ஒரு பழைய தோட்டாவைப் பிரித்துக் காட்டினார். காய்ந்த சேவையை ஒரு கட்டாகக் கட்டி உள்ளே நிறுத்தின மாதிரியே இருந்தது. அந்தக் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். நைட்ரோகிளிசரின் அதிகம் என்றால் சூடு அதிகம். அந்தச் சூடு மெட்ஃபோர்டின் ஆழமில்லாத வரிகளை மெழுகை வழிப்பது போல வழித்துவிட்டது. ஐயாயிரம், ஆறாயிரம் ரவுண்டுக்குள் குழல் தீர்ந்தது.

என்ன செய்தார்கள்? 1895ல் வரியை மாற்றினார்கள். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை, ஆழம் கூடிய, மூலை வெட்டின ஐந்து வரிகளைப் போட்டது. லீ-மெட்ஃபோர்டு லீ-என்ஃபீல்டு ஆனது இப்படித்தான். பெயர் மாறினதற்குக் காரணம் குழல் தேய்மானம். பிறகு மருந்தையும் மாற்றினார்கள். போயர் யுத்தம் முடியும் தறுவாயில் நைட்ரோகிளிசரினை 58லிருந்து 30 ஆகக் குறைத்து, வெடிபஞ்சை 65 ஆகக் கூட்டினார்கள். சூடு குறைந்தது, குழலின் ஆயுசு கூடியது. நன்றாகப் பேணிய என்ஃபீல்டு குழல் பத்தாயிரம் ரவுண்டுவரை சமாளித்தது.

இந்தக் கதையில் நீலகிரி எங்கே வருகிறது? குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் 1903ல் கார்டைட் தொழிற்சாலை தொடங்கியது. காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து அதை ஓட்டினார்கள். நாம் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போகிற மலையில், உலக யுத்தத்துக்கு மருந்து பிழிந்தார்கள். அதே காலத்தில், 1904ல், வங்காளத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை வந்தது. மருந்து நம் மலையில், குழல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில்.

இனி, குழல் எப்படித் தேய்கிறது என்பது. குண்டு உரசுவதால் தேய்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உரசல் சின்னப் பங்குதான். முக்கியக் காரணம் நெருப்பு. இரும்பு உருக சுமார் 1,540 டிகிரி செல்சியஸ் வேண்டும். மருந்தின் நெருப்பு அதைவிடச் சூடு. அப்படியானால் ஏன் குழல் உருகி ஓடுவதில்லை? நேரம் போதாததால். குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு. பத்தாயிரம் ரவுண்டு சுட்ட குழலின் மொத்த உழைப்பைக் கூட்டிப் பாருங்கள். பதினைந்து வினாடி! ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம். அந்தப் பதினைந்து வினாடியில் அதன் ஆயுசு முடிகிறது.

ஒவ்வொரு தடவையும் உள்தோலில் மயிரிழை அளவு மட்டும் பழுக்கிறது, உடனே ஆறுகிறது. பழுத்து ஆறிப் பழுத்து ஆறி, கோடையில் கண்மாய்த் தரை வெடிக்கிற மாதிரி உள்ளே வெடிப்பு விழுகிறது. அடுத்து வரும் நெருப்பு அந்த வெடிப்பின் ஓரங்களைக் கரம்பி எடுக்கிறது. தோட்டா உட்காரும் இடத்துக்கு அடுத்தாற்போல இருக்கிற பகுதி, அதாவது குழலின் தொண்டை, முதலில் போகும். வேகவேகமாகச் சுட்டால் ஆற நேரமில்லாமல் தேய்மானம் பல மடங்காகும். அதனால்தான் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு மாற்றுக் குழலும் கூடவே கொண்டுபோவார்கள்.

துளை சிறிது, மருந்து பெரிது என்றாலும் தேய்மானம் கூடும். வெகுதூரம் சுடும் பந்தயத் துப்பாக்கிகளில் சிலவற்றுக்கு ஓரிரு ஆயிரம் ரவுண்டிலேயே குறி தவறத் தொடங்கும். மாறாக, கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் படுத்துக்கொண்டு சுட்ட .22 ரைபிளில் மருந்து ஒரு சிட்டிகைதான். குண்டும் மெத்தென்ற ஈயம். அந்தக் குழல்கள் பல பத்தாயிரம் ரவுண்டு தாங்கும்.

பின்னால் வந்தவர்கள் குழலுக்குள் குரோமியம் பூசினார்கள். அது உருக 1,900 டிகிரிக்கு மேல் வேண்டும், துருவும் பிடிக்காது. ரஷ்யாவின் ஏ.கே.47ல் அந்தப் பூச்சு உண்டு. அமெரிக்காவின் எம்-16 முதலில் வியட்நாம் போனபோது பூச்சில்லாமல் போனது. அந்த மழைக்காட்டில் துருப்பிடித்துத் தோட்டா சிக்கி, சண்டை நடுவில் துப்பாக்கி நின்றுபோய், பையன்கள் செத்தார்கள். பிறகுதான் பூசினார்கள்.

அப்பா இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். அவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக அதே இந்தோசீனாவில் இருந்தவர். அங்கே மழையில் முகாம் போட்டால் கொதிக்கிற முதல் தண்ணீர் காப்பிக்கு இல்லை, துப்பாக்கிக்கு என்பார். குழலில் கொதிநீர் ஊற்றுவார்களாம். நான் சின்னப் பையன். கதை அளக்கிறார் என்று நினைத்தேன். 'துப்பாக்கிக்கு எண்ணெய்தானே போடுவார்கள், தண்ணீரா ஊற்றுவார்கள்?' என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

ஏட்டையாதான் அதற்கு விடை சொன்னார். தோட்டாவின் அடியில் ஊசி தட்டினதும் தீப்பற்றுகிற சின்னக் குப்பி இருக்கிறதல்லவா, கேப்பு, பழைய தோட்டாக்களில் அதற்குள் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். தீப்பெட்டி மருந்தில் இருப்பதேதான். அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. ஏறக்குறைய நம் சமையல் உப்பின் தம்பி. அந்த உப்பு குழல் முழுக்கப் படிகிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் எஃகு ஒரே ராத்திரியில் துருவைக் காட்டும். எண்ணெயில் உப்பு கரையாது. ஊறுகாய் ஜாடியின் அடியில் உப்பு தங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எண்ணெய் போட்டால் உப்பின் மேல் எண்ணெய் நிற்கும். அடியில் துரு நடக்கும். தண்ணீர்தான் உப்பைக் கரைக்கும். கொதிநீராக இருந்தால் குழல் சூடேறித் தானே காய்ந்துவிடும். அதன்பிறகு துடைத்து எண்ணெய்.

அப்பா சொன்னது அத்தனையும் உண்மை. அவர் போய்ப் பத்து வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது.

ஏட்டையா இன்னொன்றும் காட்டினார். குழலைத் துடைக்க ஒரு கயிறு உண்டு. என்.சி.சி.காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்: புல்த்ரூ. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் சிந்தித் துணி. அதைப் பின்பக்கமிருந்து போட்டு வாய்ப்பக்கம் நேராக இழுக்க வேண்டும். சோம்பேறி சாய்த்து இழுப்பான். மண் ஒட்டின கயிறு வாய் ஓரத்தில் உரசி உரசிப் பள்ளம் போட்டுவிடும். கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடம் பார்த்திருக்கிறோமே, அதுதான். குண்டு கடைசியாகத் தொடுவது வாய் ஓரத்தை. அங்கே ஒரு பக்கம் பள்ளம் விழுந்தால் குறி போச்சு. சுட்டுத் தேய்ந்த குழலைவிடத் துடைத்துத் தேய்த்த குழல்தான் தன்னிடம் அதிகம் வந்தது என்றார் அவர்.

அவரிடம் ஒரு மரப்பெட்டியில் எஃகுக் கம்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன். எந்தக் கம்பி உள்ளே இறங்குகிறது, எது நிற்கிறது என்று பார்த்து, குழல் பாஸா பெயிலா என்று எழுதுவார். அவர் எழுதிய வரிக்கு ஒரு அளவு இருந்தது. நான் எழுதிய வரிக்கு இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தேனே தவிர, என் மேஜையில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னிடம் வருவது ரைபிள் இல்லை. 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு என்று சொல்வதே வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அதில் வரி கிடையாது, தேய ஒன்றுமில்லை. கரிமருந்துக்குச் சூடும் குறைவு. வனவிலங்குச் சட்டம் 1972ல் வந்த பிறகு பாதிப் பேர் வானத்தைப் பார்த்துத்தான் வெடித்தார்கள். இந்தக் குழல்களுக்கு என்ன கேடு வரும்?

கேடு இருந்தது. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடாகவே மிஞ்சும். அந்தக் கசடும் உப்பு ஜாதிதான், ஈரத்தை இழுப்பதுதான். அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோம்? போடிமெட்டில். நாலாயிரம் அடிக்கு மேல். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் காலை பத்து மணிக்கும் எதிரே வருகிற லாரி தெரியாத பனி. ஏலத்துக்கு எது அமிர்தமோ அது இரும்புக்கு விஷம். தோட்டத்துச் சாளையில், அடுப்புக்கு மேலே பரணில், சாக்கில் சுற்றி வைத்திருப்பார்கள். சாக்கு ஈரத்தைக் குடித்துக் குழலுக்குக் கொடுக்கும். ரைபிள் நெருப்பால் சாகிறது என்றால் இந்தத் துப்பாக்கிகள் துருவால் செத்தன. வரி இல்லாததால் குறி தவறுவது தெரியாது. ஆகவே சாகிறது என்ற எச்சரிக்கையும் கிடைக்காது.

இன்னொரு சங்கடம். .303ல் போல்ட்டைக் கழற்றினால் குழல் இரண்டு பக்கமும் திறந்து வெளிச்சம் காட்டும். வாய்வழித் துப்பாக்கியின் பின்பக்கம் அடைத்திருக்கும். ஜன்னலில் நீட்டினாலும் இருட்டுத்தான்.

1980 என்று நினைவு. வருஷத் தொடக்கத்தில் பாராளுமன்றத் தேர்தல், மே மாதம் சட்டசபைத் தேர்தல் என்று இரண்டும் வந்து போன வருஷம். ஐப்பசி மழை முடிந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒருவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மலைச்சரிவில் இரண்டு ஏக்கரோ என்னவோ வைத்திருந்தவர். ஒவ்வொரு தடவையும் எனக்கென்று ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவருவார், நான் வாங்க மாட்டேன், அவர் வருத்தப்படுவார். அன்றைக்கு இடது கையில் கட்டு. இரண்டு விரல் இல்லை. உரிமத்தை ஒப்படைக்க வந்திருந்தார்.

நடந்தது இது. மழை நாளில் பன்றியை விரட்டக் கெட்டித்திருக்கிறார். மருந்து நமத்துப்போய் வெடிக்கவில்லை. அப்படியே சார்த்திவிட்டார். சில நாள் கழித்து உள்ளே மருந்து இருப்பதை மறந்து மேலே இன்னொரு தடவை கெட்டித்து வெடித்தார். குழலின் அடிப்பாகம் பிளந்துவிட்டது. இரட்டை மருந்து பாதிக் காரணம். மீதிப் பாதியைப் பிளந்த துண்டு காட்டியது. சாக்கிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். வெளிப்பக்கம் எண்ணெய் போட்டு மினுமினுப்பாக இருந்தது. வெட்டிய எண் தெளிவாகத் தெரிந்தது. உள்பக்கம் கறையான் அரித்த கட்டை மாதிரி இருந்தது. சில இடத்தில் சுவரின் கனம் பாதிதான்.

அவர் கோபப்படவில்லை. "போன தடவ நல்ல நெலமைல இருக்குன்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க. அதான் நானும் தைரியமா இருந்துட்டேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். உரிமத்தில் என் கையெழுத்து இருந்தது.

அன்று சாயந்திரமே பஸ் பிடித்து ஏட்டையாவைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அடைச்ச குழலையும் பாக்கலாம் தம்பி" என்று சொல்லி இரண்டு காரியம் கற்றுக்கொடுத்தார். முதலாவது, கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாய் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழலுக்கு வெளியில் வைத்து அளந்து பார்ப்பது. கம்பி அடிவரை போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது; தொடாதே. இரண்டாவது, காலியான குழல் என்று நிச்சயமானால் கம்பி நுனியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டுத் திருகி எடுப்பது. துணி கறுப்பாக வந்தால் கசடு; கழுவினால் போகும். சிவப்பாக வந்தால் துரு. செதில் செதிலாக வந்தால் அந்தத் துப்பாக்கியை ஆர்மரர் பார்க்காமல் யாரும் சுடக் கூடாது.

மறுநாளிலிருந்து என் மேஜை டிராயரில் பழைய வேட்டித் துணி இருந்தது. உரிமம் புதுப்பிக்க வருபவர்களின் கம்பியை வாங்கி அளந்து, துணி விட்டுப் பார்த்த பிறகுதான் அந்த வரியை எழுதினேன். சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். ஆர்மரரிடம் போய் வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் சலித்துக்கொண்டார்கள். போடிக்கும் மலைக்கும் நடுவே ஒரு நாள் கூலி போகிறதே, கோபம் வராதா? அந்த இருக்கையில் நான் மேலும் இரண்டு வருஷம் இருந்தேன். வந்ததில் ஐந்தில் ஒன்றாவது சிவப்பாக வந்தது. எல்லாவற்றின் வெளிப்பக்கமும் பளபளப்புத்தான்.

கொதிநீர் விஷயத்தையும் சொல்லி அனுப்பினேன். முதலில் நம்பவில்லை, நான் அப்பாவை நம்பாத மாதிரியே. துப்பாக்கியில் தண்ணீரா என்று கேட்டார்கள். எங்கள் அப்பா இந்தோசீனாவில் அப்படித்தான் செய்தார் என்று சொன்னதும் சிலர் கேட்டுக்கொண்டார்கள். பட்டாளத்துக்காரர் பேச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு மரியாதை உண்டு.

2020 குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசக் காவல்துறை .303க்கு விடைகொடுத்த செய்தியைப் படித்தேன். அத்தனை பழைய துப்பாக்கி இத்தனை வருஷம் எப்படித் தாங்கியது என்று பேரன் கேட்டான். ஒரு போலீஸ்காரர் பயிற்சிக்கு வருஷம் இருபது ரவுண்டு சுட்டதாக வைத்துக்கொண்டால் ஐயாயிரம் சுட இருநூற்றைம்பது வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆகவே நெருப்பு அவற்றைக் கொல்லவில்லை. யாரோ ஒரு ஏட்டையா கொதிநீர் ஊற்றி, கயிற்றை நேராக இழுத்து, ஜன்னலோரம் கண் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

என் ஏட்டையா இப்போது இல்லை. விரல் இழந்தவர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார் என்று கேள்வி. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மலையில் இன்னமும் உரிமம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்று ஒரு நாள் சாக்கைப் பிரித்து, முதலில் கம்பியை விட்டு அளந்து பாருங்கள். பிறகு வெள்ளைத் துணி. சிவப்பு வந்தால் ஆர்மரரிடம் கொண்டுபோங்கள். உரிமத்தில் எந்த குமாஸ்தா என்ன எழுதியிருந்தாலும் சரி.